நடந்துகொண்டிருக்கும் கவுன்சலிங் மையத்தை விலைக்கு வாங்குவது

கவுன்சலிங் மையத்தை விற்க நினைப்பவர் முதலில் சொல்வது, வாரத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கணக்கைத்தான். எனக்கு விற்றவரும் அதையே சொன்னார். ஓய்வுபெறும் வயது, நல்ல பெயர், நாலு அறை, அவரைத் தவிர மூன்று ஆலோசகர்கள். எண்ணிக்கை கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தொழிலில் அதை வைத்து விலை பேசக் கூடாது என்பது என் கட்சி.

நம்மிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் போய்விட வேண்டியவர்கள். அமெரிக்க உளவியலாளர் கென்னத் ஹோவர்டும் அவருடைய சகாக்களும் 1986-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முந்தைய பல ஆய்வுகளிலிருந்து 2,400 பேருக்கு மேற்பட்டவர்களின் தகவலைத் திரட்டிப் பார்த்ததில், 8 செஷன்களுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், 26 செஷன்களுக்குள் முக்கால்வாசிப் பேருக்கும் அளந்து சொல்லக்கூடிய முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. வாரம் ஒரு செஷன் என்றால் 26 என்பது அரை வருடம். அப்படியானால் நான் கையெழுத்துப் போடும் நாளில் பட்டியலில் உள்ள பெயர்களில் பெரும்பாலானவை அடுத்த வருடம் அதில் இருக்காது. இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பிறகு எதற்குப் பணம் கொடுக்கிறோம்? அடுத்த மாதம் புதிதாக ஒருவர் கூப்பிடுவார், அதற்கடுத்த மாதமும் கூப்பிடுவார் என்பதற்கு. அந்த அழைப்புகள் எங்கிருந்து வருகின்றன, விற்பவர் போன பிறகும் வருமா என்பதைத்தான் நான் முதலில் பார்க்க நினைத்தேன்.

அதிர்ஷ்டவசமாக அந்த மையத்தில் முதல் அழைப்புகளைக் குறித்து வைக்கும் பழக்கம் இருந்தது. நீளமான கோடு போட்ட நோட்டு. தேதி, பெயர், எண், எந்த விஷயமாக என்று இரண்டு வார்த்தை, கடைசிக் கட்டத்தில் 'யார் சொல்லி'. வரவேற்பில் இருந்த அக்காவின் கையெழுத்து. அதைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதும் விற்பவர் யோசித்தார். யோசித்தது சரிதான். விற்பனை இன்னும் முடியவில்லை, அந்தப் பெயர்களைப் பார்க்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. இருவரும் பேசி ஒரு வழி கண்டோம். அந்த அக்கா ஒரு அட்டையை நீளமாக வெட்டி, பெயரும் எண்ணும் உள்ள கட்டங்களின் மேல் வைத்து மறைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டினார். நான் தேதியையும் கடைசிக் கட்டத்தையும் மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அட்டை ஒருமுறை நழுவியபோது அவர் நோட்டையே மூடிவிட்டார். இந்த அக்கா மையத்தோடு வந்தாக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

நோட்டு சொன்ன கதை, வாராந்திரக் கணக்கு சொன்னதிலிருந்து வேறு. வந்தவர்களில் பெரும்பகுதியினர் விற்பவரின் பெயரைச் சொல்லி, அவரையே பார்க்க வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள். இன்னொரு பகுதி, இரண்டு மூன்று டாக்டர்கள் அனுப்பியவர்கள். ஒரு பள்ளி. முன்பு வந்து போனவர்கள் சொல்லி வந்தவர்கள் சிலர். இணையத்தில் தேடி வந்தவர்கள் சொற்பம். இதில் டாக்டர்களும் பள்ளியும்தான் எனக்கு முக்கியமாகப் பட்டார்கள். அவர்கள் அனுப்புவது விற்பவரின் மீதுள்ள மதிப்பாலா, அல்லது இந்த மையத்தில் ஒழுங்காகப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்ற நம்பிக்கையாலா? இரண்டாவது என்றால் அது எனக்குக் கைமாறும். விற்பவரே என்னை அழைத்துப் போய் ஒவ்வொருவரிடமும் அறிமுகம் செய்து வைப்பார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னேன். வக்கீல் சிரித்தார். ஆனால் எழுதினார்.

விலை விஷயத்தில் நான் பிடிவாதமாக நின்றது ஒரே இடத்தில். விற்பவர் தானே வாரம் முழுக்க செஷன் எடுத்தவர், மையத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் அவருடைய நாற்காலியிலிருந்து வந்தது. லாபக் கணக்கில் அவருக்கென்று சம்பளம் எதுவும் போடவில்லை. அவர் செய்த வேலையை இன்னொரு ஆலோசகரை வைத்துச் செய்தால் எவ்வளவு கொடுக்க வேண்டுமோ, அதைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் மையத்தின் லாபம். கழித்துப் பார்த்ததும் லாபம் பாதியாகச் சுருங்கியது. அவருக்கு வருத்தம். "இத்தனை வருஷ உழைப்பு இவ்வளவுதானா?" என்று கேட்டார். அவருடைய உழைப்பின் மதிப்பு வேறு, நாளைக்கு அவர் இல்லாமல் மையம் ஈட்டப்போவது வேறு. முதலாவதற்கு விலை போட யாராலும் முடியாது என்றுதான் சொல்ல முடிந்தது.

மற்ற சட்ட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தைப் பங்குகளோடு வாங்கினால் பழைய வரி பாக்கி, வெளியே தெரியாத புகார், வழக்கு எல்லாம் நம் தலையில் சேர்ந்தே வரும். நான் சொத்துகளை மட்டும் வாங்கினேன். நாற்காலி மேசை பெரிய விஷயமே இல்லை. தொலைபேசி எண், இணைய முகவரி, மையத்தின் பெயரைப் பயன்படுத்தும் உரிமை, வாடகை ஒப்பந்தத்தை என் பெயருக்கு மாற்ற வீட்டுக்காரரின் சம்மதம், இவைதான் பட்டியல். அந்தப் பழைய தொலைபேசி எண் டாக்டர்களின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கும் எண். அது மாறியிருந்தால் நான் வாங்கியதில் பாதி போயிருக்கும்.

பணத்தில் ஒரு பகுதியை உடனே கொடுத்து, மீதியை மையத்தின் வருமானத்தைப் பொறுத்துத் தவணையில் கொடுப்பது என்று பேசினோம். இதில் ஒரு கண்ணி உண்டு. 'தங்கிவிட்ட ஒவ்வொரு க்ளையன்டுக்கும் இவ்வளவு' என்று முதலில் யாரோ எழுதிக் கொடுத்தார்கள். வேறு தொழிலில் அது சாதாரணம். நம் தொழிலில் அது ஆளை அனுப்பிவைத்ததற்குக் கமிஷன் வாங்குவது போலாகிவிடும். அமெரிக்கக் கவுன்சலிங் சங்கத்தின் 2014 நெறிமுறையே, க்ளையன்டை அனுப்புவதற்குக் கமிஷனோ பங்கோ கொடுப்பதையும் வாங்குவதையும் வெளிப்படையாகத் தடுக்கிறது. அதனால் தலைக்கு இவ்வளவு என்பதை எடுத்துவிட்டு, மொத்த வருமானம் ஒரு அளவுக்குக் கீழே போனால் தவணை குறையும் என்று மட்டும் வைத்தோம். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் தெரிந்த ஒருவரிடம் இதைக் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

இனி, நான் அதிகம் தூக்கம் கெட்ட விஷயம். க்ளையன்டுகளுக்கு எப்படிச் சொல்வது?

விற்பவர் எழுதிய முதல் கடிதம், கை மாறிய ஒரு கடையின் அறிவிப்பு மாதிரி இருந்தது. 'இனி புதிய நிர்வாகத்தின் கீழ் அதே தரமான சேவை' என்றெல்லாம். தன் வாழ்க்கையின் மோசமான இரவுகளைப் பற்றி ஒருவரிடம் மட்டும் சொல்லி வைத்திருப்பவருக்கு இந்தக் கடிதம் என்ன செய்யும்? என்னைப் பற்றிய ஃபைலையும் சேர்த்து விற்றுவிட்டார்களா என்றுதான் முதலில் தோன்றும். மறுபடி எழுதினோம். உரிமையாளர் மாறுகிறார். உங்கள் ஆலோசகர் இங்கேயே இருக்கிறார் அல்லது இன்ன தேதியோடு விடைபெறுகிறார். நீங்கள் தொடரலாம், இங்கேயே வேறொருவரைப் பார்க்கலாம், வெளியே வேறொருவரிடம் போகலாம், நிறுத்திக்கொள்ளலாம். போவதானால் உங்கள் பதிவின் சுருக்கத்தை நீங்கள் சொல்பவரிடம் சேர்ப்போம். நீங்கள் சம்மதிக்காமல் புதிய உரிமையாளர் உங்கள் பதிவைத் திறக்க மாட்டார். இவ்வளவுதான்.

கடிதத்தை எப்படிச் சேர்ப்பது என்பது அதைவிடச் சிக்கல். மையத்தின் பெயர் அச்சிட்ட உறையில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னபோது வரவேற்பு அக்காதான் குறுக்கிட்டார். "மேடம், பாதிப் பேர் வீட்ல சொல்லாம வர்றாங்க." வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கணவனுக்குத் தெரியாமல் மனைவியும், மனைவிக்குத் தெரியாமல் கணவனும் தனித்தனியாக வேறு வேறு ஆலோசகரிடம் வந்த கதைகூட இந்தத் தொழிலில் புதிதல்ல. எனவே தபாலும் வேண்டாம், குறுஞ்செய்தியும் வேண்டாம் என்று முடிவானது. தற்போது வந்துகொண்டிருப்பவர்களிடம் அவரவர் ஆலோசகரே செஷன் ஆரம்பிக்கும்போது நேரில் சொல்லிக் கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். முடியும்போது சொன்னால், கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே வெளியே போய்விடுவார்கள். முன்பு வந்து நின்றுவிட்டவர்களின் பதிவுகள் தனிப் பூட்டில், விற்றவரின் பொறுப்பிலேயே இருக்கின்றன. சட்டம் சொல்லும் காலம் வரை அப்படியே இருக்கும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை, தொழிலை விட்டு விலகும் நிலை வருமுன்பே பதிவுகளைக் கைமாற்றுவதற்கும் ரகசியம் காப்பதற்கும் திட்டம் போட்டு வைக்கச் சொல்கிறது. விற்பவரிடம் அப்படி ஒரு திட்டம் எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே மையம் எப்படி நடந்தது என்பது பாதி தெரிந்துவிடும்.

விற்பவரின் சொந்த க்ளையன்டுகள் தனிக் கதை. எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஆலோசகருக்கும் வருபவருக்கும் இடையிலான கூட்டு உறவை மூன்றாகப் பிரித்தார். எதற்காக வருகிறோம் என்ற இலக்கு, அதற்காகச் சேர்ந்து செய்யும் வேலை, இருவருக்கும் நடுவே உள்ள பிணைப்பு. முதல் இரண்டையும் கைமாற்றிவிடலாம். சம்மதித்தவர்களோடு விற்பவரும் நானும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு செஷன் பேசினோம். மூன்றாவது அப்படி வராது. ஒருவர் சொன்னார் (அவர் அனுமதியோடு, அடையாளம் எதுவும் இல்லாமல் எழுதுகிறேன்): "நீங்க நல்லவங்களாத்தான் இருப்பீங்க. ஆனா மறுபடியும் முதல்லேருந்து சொல்ல எனக்குத் தெம்பில்ல." சொல்ல வேண்டாம் என்றேன். அடுத்த வாரத்தில் என்ன நடக்கப்போகிறது என்பதிலிருந்து ஆரம்பித்தோம். தொடர்ந்தவர்களும் உண்டு, நின்றவர்களும் உண்டு. நின்றவர்களைத் துரத்திப் பிடிக்க நான் முயலவில்லை. அருகிலேயே போட்டி மையம் தொடங்கக் கூடாது என்று விற்பவரைக் கட்டுப்படுத்தலாம். க்ளையன்ட் யாரிடம் போக வேண்டும் என்பதை எந்த ஒப்பந்தமும் கட்டுப்படுத்தக் கூடாது.

மூன்று ஆலோசகர்களையும் கையெழுத்துக்கு முன்பே சந்தித்தேன். விற்பவர் அதை விரும்பவில்லை, செய்தி பரவிவிடும் என்று பயந்தார். ஆனால் அவர்கள் மூவரும் ஒரே வாரத்தில் கிளம்பிவிட்டால் நான் வாங்கியது காலி அறைகளைத்தான். என்ன இருந்தால் நிற்பீர்கள் என்று கேட்டதற்கு நான் எதிர்பார்த்தது கட்டணத்தில் அவர்களுக்குரிய பங்கை உயர்த்தும் கோரிக்கையை. இருவர் கேட்டது வேறு. ஒரு செஷனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கட்டாய இடைவெளி, வெளியிலிருந்து வரும் மூத்தவர் ஒருவரின் மாதாந்திர மேற்பார்வை, அதற்கான செலவு மையத்துடையது. முந்தைய ஏற்பாட்டில் ஒருவர் வெளியே போக இன்னொருவர் உள்ளே வந்துகொண்டிருந்தார். குறிப்பு எழுதவோ தண்ணீர் குடிக்கவோ நேரம் இல்லை. இடைவெளி விட்டதால் ஒரு நாளைக்கு ஒரு செஷன் குறைந்தது உண்மை. இருவரும் இன்னும் இருக்கிறார்கள். மூன்றாமவர் தனியாகத் தொடங்கப் போகிறேன் என்று முன்பே சொல்லிவிட்டார், நல்லபடியாகப் போனார்.

வளர்ப்பது பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் விளம்பரத்தைத்தான் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். நான் முதலில் போய் உட்கார்ந்தது தொலைபேசியின் பக்கத்தில்.

அக்கா எடுத்ததும் மையத்தின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்துக் கேட்பது, "இப்ப பேச வசதியா இருக்கா? இல்லேன்னா நீங்க சொல்ற நேரத்துக்கு நானே கூப்பிடறேன்." கூப்பிடுகிறவர் அலுவலகத்தின் மாடிப்படியில் நிற்கலாம். பக்கத்து அறையில் மாமியார் இருக்கலாம். இந்தக் கேள்விக்கு எதிர்முனையில் ஒரு மூச்சு இறங்குவது கேட்கும். யாரும் அவருக்கு இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. பிரச்சினை என்னவென்று அவர் கேட்பதே இல்லை. பெரியவருக்கா குழந்தைக்கா, தனியாகவா ஜோடியாகவா, உயிருக்கு ஆபத்தான நிலை ஏதாவது உண்டா, இவ்வளவுதான். கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று வந்தால் அழைப்பு உடனே ஆலோசகர் ஒருவருக்குப் போகும். அவசர உதவிக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியல் மேசையில் ஒட்டியிருக்கும்.

ஓட்டை எங்கே என்றால், அவர் வீட்டுக்குப் போன பிறகு. தவறிய அழைப்புகளில் நிறைய மாலையில்தான் வந்திருந்தன. கவுன்சலிங்குக்குக் கூப்பிடும் தைரியம் வேலை முடிந்து தனியாக இருக்கும் நேரத்தில்தான் பலருக்கு வருகிறது. மறுநாள் பதினொரு மணிக்குத் திருப்பிக் கூப்பிட்டால் "ஒண்ணுமில்ல, இப்ப பரவாயில்ல" என்று வைத்துவிடுவார்கள். மாலை நேரத்துக்கு இன்னொரு ஆளை அமர்த்தி, அக்காவிடமே பயிற்சி எடுக்க வைத்தேன். இணையதளத்தில் இருந்த நீளமான படிவத்தை வெட்டி, பெயர், எண், எந்த நேரத்தில் கூப்பிட்டால் பாதுகாப்பு என்ற மூன்றோடு நிறுத்தினேன். நான் செய்த எந்த விளம்பரத்தைவிடவும் இந்த இரண்டும்தான் அறைகளை நிரப்பின.

கட்டணத்தைப் பற்றிப் பேச நம்மில் பலருக்குக் கூச்சம். ஃப்ராய்டுக்கு அது இல்லை. சிகிச்சையைத் தொடங்குவது பற்றி 1913-ல் எழுதிய கட்டுரையில், தன் நாளின் குறிப்பிட்ட ஒரு மணி நேரத்தை நோயாளிக்கென்று ஒதுக்குவதாகவும், அவர் வராவிட்டாலும் அந்த நேரத்துக்கு அவரே பொறுப்பு என்றும் பளிச்சென்று எழுதினார். பணத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும் என்பதும் அதே கட்டுரையில் உண்டு. நான் அவ்வளவு கறார் இல்லை. ஒரு நாள் முன்பே சொன்னால் கட்டணம் இல்லை, முதல் தடவை தவறினால் மன்னிப்பு, அதற்குப் பிறகு முழுக் கட்டணம். இதை முதல் செஷனிலேயே ஆலோசகர் வாயால் சொல்ல வேண்டும், கடைசியில் ரசீதோடு நீட்டக் கூடாது. பழைய க்ளையன்டுகளுக்குப் பழைய கட்டணத்தை விட்டுவிட்டுப் புதியவர்களுக்கு மட்டும் உயர்த்தினேன். எப்படியும் ஒரு வருடத்தில் பட்டியலே மாறிவிடும் என்பது இங்கே வசதியாகிவிட்டது.

விளம்பரம் செய்ய வந்த ஒரு இளைஞர், செஷன் முடிந்தவர்களிடம் ஐந்து நட்சத்திர மதிப்பீடு கேட்டு வாங்குங்கள் என்றார். துடிப்பான பையன். அப்படிக் கேட்கக் கூடாது என்று அவருக்குப் புரியவைக்க நேரம் பிடித்தது. தன் மனதை ஒப்படைத்திருப்பவரால் நம்மிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாது. நெறிமுறைகளும் அதையே சொல்கின்றன. சரி, யாராவது தானாகவே திட்டி எழுதினால் பதில் போடலாமா என்றார். அதுவும் முடியாது. 'அன்று நீங்கள் தாமதமாக வந்தீர்கள்' என்று எழுதினாலே, அவர் நம்மிடம் வந்தார் என்பதை ஊரறியச் சொன்னதாகிவிடும். "அப்ப என்னதான் பண்ணுவீங்க?" என்றார். அனுப்பிய டாக்டருக்கு, க்ளையன்ட் சம்மதித்தால், 'வந்து சேர்ந்தார், தொடர்கிறோம்' என்று இரண்டு வரி எழுதுவோம் என்றேன். அவருக்கு அது விளம்பரமாகவே படவில்லை. அந்த இரண்டு வரியை ஒழுங்காக எழுத ஆரம்பித்த பிறகு பழைய டாக்டர்கள் அனுப்புவது கூடியது, புதிதாக இருவர் சேர்ந்தார்கள்.

காலையில் சும்மா கிடந்த அறைகளைப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவருக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டேன். துக்கத்தில் இருப்பவர்களுக்கான குழு ஒன்று ஆரம்பித்தோம், மெதுவாகத்தான் பிடித்தது. பதின்வயதினரைப் பார்க்கத் தனியாக ஒருவரைச் சேர்த்தோம், பள்ளி அனுப்புவது அதிகமானதால். கைமாறிய முதல் சில மாதங்கள் வருமானம் இறங்கும், ஆலோசகர்களின் பங்கும் வாடகையும் இறங்காது. வாங்கும் விலைக்கு மட்டும் கடன் ஏற்பாடு செய்துவிட்டு இதற்குக் கையில் எதுவும் வைக்காதவர்கள்தான் திணறுகிறார்கள்.

சமீபத்தில் இன்னொரு மையம் விற்பனைக்கு வந்து, வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். தனி ஆளாக நடத்தும் மூத்த ஆலோசகர், அருமையான மனிதர், நாள் முழுக்க அப்பாயின்ட்மென்ட். அழைப்புகளை எங்கே குறிக்கிறீர்கள் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து தன் செல்பேசியை எடுத்துக் காட்டினார். வருகிறவர்கள் எல்லோரும் அவருக்காகவே வருகிறார்கள், அந்த எண்ணை அவர் யாருக்கும் தரப்போவதில்லை, தரவும் கூடாது. நீங்கள் விற்பதற்கு எதுவும் இல்லை ஐயா என்று எப்படிச் சொல்வது? தற்போதைய க்ளையன்டுகளை ஒவ்வொருவராக யாரிடம் அனுப்பலாம் என்று உட்கார்ந்து பட்டியல் போடலாம், என் ஆலோசகர்கள் சிலரை ஏற்றுக்கொள்வார்கள், அதற்குப் பணம் எதுவும் கைமாறாது என்றேன். வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருந்ததால், அறையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.